அம்மாவின் ஆஸ்துமாவுக்குச் சீன மருத்துவம்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டவும்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்களுடன் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 67. நெடுங்காலமாக ஆஸ்துமாவும், அண்மைக்காலமாக இரத்த அழுத்தமும் இருக்கின்றன. பின்னிரவில் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றியபடி அவர் மூச்சுக்குத் தவிப்பதைக் காணும்போது நெஞ்சு பதறுகிறது.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பரிந்துரைத்த, முறைப்படி பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர், பிடரியின் அடியில் துருத்தும் எலும்புக்கு இருபுறமும் அக்குபங்சர் ஊசி குத்துவதாகவும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும் 'சான்ஃபூ' (சீன நாட்காட்டிப்படி ஆண்டின் மிக வெப்பமான காலம்) நாட்களில் வெண்கடுகு சேர்த்த பற்றை முதுகில் போடுவதாகவும் கூறினார். கூடவே கஷாயமும் உண்டு. என் கவலையெல்லாம் அந்தக் கஷாயத்தைப் பற்றியதுதான்: மூச்சிரைப்புக்குச் சீன மருத்துவர்கள் தொன்றுதொட்டுத் தரும் மா ஹுவாங் மூலிகையில் உள்ள எபெட்ரின் மூச்சுக்குழாயை விரிக்கும்; ஆனால் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். மேல்முதுகில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரல் துளைபடும் அபாயமும் உண்டு.

இன்ஹேலரை ஒருபோதும் நிறுத்தப்போவதில்லை. ஆயினும், இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களுக்கு இச்சிகிச்சையை அளித்தவர்கள், கஷாயத்தின் மூலிகைப் பட்டியலை எழுதி வாங்கினீர்களா, பற்று போட்ட இடத்தில் தோல் கொப்பளித்ததா, இரவு மூச்சிரைப்பு உண்மையிலேயே குறைந்ததா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள். வரும் செவ்வாய்க்கிழமை நுரையீரல் மருத்துவரைப் பார்க்கிறோம். அதற்குள் பதில் கிடைத்தால் அவரிடம் கேட்க வேண்டியவற்றைக் குறித்துக்கொள்வேன்.