வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டாவது டர்ஃப்: எந்தக் காரணத்தைச் சொல்லி ஆட்சேபிப்பது?

கேள்வி – சிட்லபாக்கத்துக்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருக்கோடியில் முள்மரம் மண்டிக் கிடந்த மனையில் மூன்று ஆண்டுகளாகச் செயற்கைப் புல் விரித்த டர்ஃப் மைதானம் ஒன்று நடக்கிறது. வாடகை மணிக்கு 1,200 ரூபாய். பகலில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அலுவலகம் முடித்து வருகிறவர்களால் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் நிரம்பும். வலைக்கும் என் தாயார் படுக்கும் அறையின் சன்னலுக்கும் இடையே பன்னிரண்டு அடிகூட இல்லை. சன்னலைச் சாத்தினாலும் ஃப்ளட்லைட் வெளிச்சம் திரைச்சீலையின் ஓரமாகப் புகுந்து கட்டிலின்மேல் கோடாக விழுகிறது. 76 வயதான அவர் பதினொன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "விடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்கிறார்.

இப்போது பக்கத்து மனையையும் குத்தகைக்கு எடுத்து, இரண்டாவது டர்ஃப், பிறந்தநாள் விழாக்களுக்கு ஒரு தகரக் கொட்டகை, சிற்றுண்டிக் கடை ஆகியவற்றை அமைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். 22 வீட்டார் கையெழுத்திட ஆயத்தமாக இருக்கிறோம். ஆனால் சங்கத்தில் எழுதிய மனுவில் "இளைஞர்கள் சீரழிகிறார்கள்" என்பதுதான் முதல் வரியாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிற்கக்கூடிய காரணங்கள் எவை?

பதில் – மனைப்பிரிவு

ஐயா, அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். யார் சீரழிகிறார்கள் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மனுவை வாங்கும் எந்த அதிகாரிக்கும் இல்லை. நிலத்தின் பயன்பாட்டை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இரண்டாம் முழுமைத் திட்ட வரைபடத்தில் அந்த மனையின் புல எண் ஆதாரக் குடியிருப்பில் (முதன்மையாக வீடுகளுக்கான பகுதி) வருகிறதா, கலப்புக் குடியிருப்பில் (வீடுகளோடு கடை போன்றவையும் கலந்த பகுதி) வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, கொட்டகைக்கும் கடைக்கும் திட்ட அனுமதி பெறப்பட்டிருக்கிறதா, என்ன பயன்பாட்டுக்குப் பெறப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அனுமதியில்லாமல் வேலை தொடங்கினால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் வேலையை நிறுத்தவும், 56ஆம் பிரிவில் கட்டியதை அகற்றவும் உத்தரவிடலாம். அஸ்திவாரம் தோண்டும்போது மனு கொடுப்பதும், திறப்புவிழா முடிந்தபின் கொடுப்பதும் ஒன்றல்ல. எங்கள் தெருவில் ஒரு மண்டபம் எழுந்தபோது நாங்கள் கூட்டம் போட்டுக்கொண்டே இருந்தோம். அதற்குள் சமையற்கூடத்துக்குக் கூரை போட்டுவிட்டார்கள்.

பதில் – ஒலிக்கணக்கு

சத்தம் குறித்து எழுதும்போது கவனம் தேவை. "இரண்டாவது டர்ஃப் வந்தால் சத்தம் இரண்டு மடங்காகும்" என்று எழுதினால், எதிர்த்தரப்பு ஒலியளவை அளக்கும் மானியைக் கொண்டுவந்து உங்களைத் தோற்கடித்துவிடும். ஒரே அளவுள்ள இரண்டு ஓசைகள் சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல்தான். உண்மையில் கூடப்போவது நேரம்: ஒரு மைதானம் ஓயும்போது மற்றொன்று தொடங்கும், வண்டிகள் வருவதும் போவதும் நிற்காது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு; இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினாலும், இரவுக் கட்டுப்பாடுகளை மீறினாலும் புகார் செய்யலாம். மாவட்ட ஆட்சியரும் காவல் ஆணையரும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள். ஒலிபெருக்கியை இரவில் மூடிய அரங்கத்துக்குள் மட்டுமே பயன்படுத்தலாம்; பக்கங்கள் திறந்த தகரக் கொட்டகையை மூடிய அரங்கம் என்று யாரும் வாதிட முடியாது என்பது என் கருத்து. ஆகவே உங்கள் மனுவில் டர்ஃபைவிடக் கொட்டகையைத்தான் முன்னே நிறுத்துவேன். கைப்பேசிச் செயலியில் வரும் எண்ணைச் சான்றாக ஏற்க மாட்டார்கள். இருந்தாலும் தேதி, மணி, என்ன சத்தம் என்று ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வாருங்கள். நைலான் வலை பந்தைத்தான் தடுக்கும், ஓசையைத் தடுக்காது. ஆடுகிறவர்களை உங்கள் சன்னலிலிருந்து மறைக்கும் உயரத்தில் இடைவெளியில்லாத சுவர் எழுப்பினால் ஓரளவு குறையும்.

பதில் – வியாழக்கிழமை கோல்கீப்பர்

நான் மறுபக்கத்து ஆள். வேறொரு பேட்டையில் வாரம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு ஆடுகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் எங்கள் பத்துப் பேருக்கும் ஒழிகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கென்று தானமாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி; அந்த நிலங்களில் ஒழுங்காக ஒரு மைதானம் இருந்தால் நாங்கள் ஏன் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடப்போகிறோம்? ஆனாலும் அம்மாவின் கேள்வியைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. எங்கள் கூச்சல் எதிர்வீட்டுக்குள் எப்படிக் கேட்கிறது என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. மூடச் சொல்லாமல், பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். விளக்குத் தலைகளைக் கீழ்நோக்கித் திருப்பி மறைப்புத் தகடு மாட்டச் சொல்லுங்கள். ஆடுகிறவர்களிலேயே பலர் உங்கள் பக்கம் பேசுவார்கள்.

கேள்வி கேட்டவர் – சிட்லபாக்கத்துக்காரன்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு சங்கத்தில் மனுவைத் திருத்தினோம். முதல் வரியை எடுப்பதற்கே முக்கால் மணி நேர வாக்குவாதம். கொட்டகையையும் ஒலிபெருக்கியையும் முற்றாக எதிர்ப்பது, டர்ஃபுக்குப் பத்து மணி வரம்பு கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. தகவல் உரிமை மனு திங்களன்று போகிறது. விளக்கு விஷயத்தை மனுவில் சேர்க்காமல் உரிமையாளரிடம் நேரிலேயே பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்; அவரை ஒருமுறை இரவில் அழைத்துவந்து அந்த அறையில் பத்து நிமிடம் உட்காரவைக்கலாம் என்று நினைக்கிறேன்.