நொய்ஸ் கேற் பெடல்: திருகோணமலையில் கண்டது, கற்றது

எலக்ட்ரிக் கிற்றாருக்கும் அம்புக்கும் இடையில் போடும் இந்த நொய்ஸ் கேற் பெடல் இரைச்சலை எடுத்துவிடாது. வாசிக்காத இடைவெளியில் வழியை அடைக்கும், அவ்வளவுதான். கம்பி அதிரும்போது சத்தத்தோடு இரைச்சலும் சேர்ந்துதான் வெளியே வரும். அதனால் முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். நம்மூர் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள், அதாவது சிங்கிள் கொயில் பிக்கப், அந்த 50ஐப் பிடித்து முனகும். கிற்றாரோடு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பினால் ஏதோ ஒரு திசையில் முனகல் நன்றாக அடங்கும். நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால், பிக்கப்பைத் தெரிவுசெய்யும் 5 வழிச் சுவிச்சின் 2ஆம், 4ஆம் இடங்களில் தானாகவே அடங்கும். கம்பியைத் தொட்டதும் 'கிர்ர்' குறைகிறதா? அப்போ பிரிட்ஜின் (கம்பிகள் தாங்கும் பாலம்) எர்த் வயர் சரி. கிற்றாரின் உள்ளே செப்புத்தாள் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் அந்தக் 'கிர்ர்' இன்னும் குறையும். ஆனால் 50 ஹேட்ஸ் முனகலுக்குச் செப்புத்தாள் உதவாது.

*

மேலே எழுதிய அண்ணா சொன்னதோடு உப்புக்காற்றையும் சேர்க்கவேணும். உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஜாக், பொட் (வொலியூம் திருகி) எல்லாம் சீக்கிரம் கறுத்துப்போகும். அதிலிருந்து வரும் 'கரகர' முனகலைவிடப் பலமானது, அதனால் பெடல் அடைத்த வழியையே திறந்துவிடும். ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த பஞ்சுக்குச்சியால் பிளக்கைத் துடைத்து, பத்துத் தடவை செருகி எடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள்.

*

பொஸ் என்எஸ்-2 என்ற இந்த வகைப் பெடலை வைத்திருப்பவர்கள் கனபேர் அதை டிஸ்டோர்ஷனுக்குப் (சத்தத்தைக் கரடுமுரடாக்கும் பெடல்) பின்னால் வரிசையில் மட்டும் போடுகிறார்கள். அப்போது பெடலுக்குக் கேட்பது டிஸ்டோர்ஷனால் ஊதிப்பெருத்த இரைச்சல். கிற்றார் எது, இரைச்சல் எது என்று பிரித்தறிய முடியாமல் நோட்டின் வாலை வெட்டிவிடும். அதில் நாலு ஜாக் இருப்பது இதற்காகத்தான். கிற்றார் இன்புட்டுக்கு. செண்ட்டிலிருந்து ஓவர்டிரைவ், டிஸ்டோர்ஷன். அவற்றின் வெளியீடு ரிற்றேர்னுக்கு. அவுட்புட்டிலிருந்து டிலே, ரிவேர்ப், பிறகு அம்ப். இப்படிப் போட்டால் பெடல் சுத்தமான கிற்றார் சத்தத்தைக் கேட்டு முடிவெடுத்து, டிஸ்டோர்ஷனின் இரைச்சலை அடைக்கும். டிலேயைச் செண்ட்டுக்கும் ரிற்றேர்னுக்கும் இடையிலான லூப்புக்குள் போட்டால் எதிரொலி பாதியில் அறுபடும்.

மோடை ரிடக்ஷனில் வையுங்கள். திரெஷோல்ட் (எந்த அளவுக்குக் கீழே அடைக்கவேணும் என்ற திருகி) பூச்சியம், கிற்றார் வொலியூம் முழுசு, டிஸ்டோர்ஷனைப் போட்டுவிடுங்கள். கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, இரைச்சல் நிற்கும்வரை மட்டும் திரெஷோல்டை ஏற்றுங்கள். பிறகு ஒரு நோட்டை மெதுவாக வாசித்து முடிவைக் கேளுங்கள். சட்டென்று வெட்டினால் டிகேயை (எவ்வளவு மெதுவாக அடைக்கவேணும் என்ற திருகி) கூட்டவேணும். உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் வேகமான பாம் மியூட்டுக்குக் குறைக்கவேணும். கிற்றாரை மாற்றினால் மறுபடியும் பார்க்கவேண்டிவரும், முனகலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு இவ்வளவு தேவைப்படாது.

*

ஒன்று தம்பிமாருக்கு: சதுரமுனைப் பிளக்பொயின்டின் எர்த் துளைக்குள் பேனா மூடியைக் குத்தி, இரண்டு ஊசிப் பிளக்கில் அம்பைச் செருகாதீர்கள். எர்த் இல்லாமல் இரைச்சல் கூடும். மைக்கில் உதடு பட்டால் கரண்ட் அடிக்கவும் கூடும். உயிர் விஷயம். டிஜிற்றல் டிலே ஓடும்போது மட்டும் 'கீச்' என்று கேட்டால் அது கேற்றின் குறையல்ல. ஒரே 9 வோல்ற் அடப்டரை எல்லாப் பெடலுக்கும் பிரித்துக் கொடுப்பதால் வருவது; டிலேக்குத் தனி அடப்டர் போட்டுப் பாருங்கள்.