வெங்காயம் ஏத்த கப் வாகனம்: 1கேடி, 4ஜேஜே1, வைடி25, எது பாரத்துக்கு நிண்டு பிடிக்கும்?

சுன்னாகம் கப்
வணக்கம். ஏ9 (யாழ்ப்பாணம்-கண்டி) றோட்டால தம்புள்ளைக்கு வெங்காயம் ஏத்திற வேலைக்கு ஒரு பழைய கப் (பிக்கப்) தேவை. பாரம் ஒரு தொன்னுக்குக் கிட்ட. மூண்டு பாத்து வைச்சிருக்கிறன், எல்லாம் மனுவல் கியர், எல்லாம் இரண்டு லட்சம் கிலோமீற்றரை அண்டினது:

ஹைலக்ஸ் விகோ 3.0 (1கேடி எஞ்சின்). விடிய முதல் ஸ்ராட்டில கடகட எண்டு அடிக்குது, சூடானாப் போயிடுது.
டி-மக்ஸ் 3.0 (4ஜேஜே1 எஞ்சின்), 2012க்குப் பிந்தின மொடல். ஐடில் (அக்சிலேற்றர் அமத்தாமல் நிண்டபடி எஞ்சின் சுத்திற வேகம்) ஏறி இறங்குது.
நவாரா டி40 2.5 (வைடி25 எஞ்சின்). ஸ்ராட் பண்ணின உடன முன்பக்கத்தில ஒரு செக்கன் சங்கிலி உரசுற மாதிரிச் சத்தம்.

கடதாசியில நவாராதான் இழுவை கூட. அதையே எடுக்கலாமோ? இந்தச் சத்தங்களில எது சின்ன வேலை, எது எஞ்சினையே கழட்டிற வேலை?

டீசல் கை
தம்பி, கடதாசியை முதல் சரியா வாசிப்பம். நவாரா 174 குதிரைவலு, இழுவை 403 நியூற்றன் மீற்றர், ஆனா அது நிமிசத்துக்கு 2000 சுத்தில வாற உச்சம். 4ஜேஜே1 177 குதிரைவலு, 380. 1800 இல இருந்து 2800 மட்டும் அப்பிடியே நிக்கும். 1கேடி 163 குதிரைவலு, 343. அது 1400 இலயே வந்து 3200 மட்டும் விடாது. யாழ்ப்பாணத்தில இருந்து தம்புள்ளை மட்டும் மலையெண்டு ஒண்டும் இல்லை. தம்புள்ளை தாண்டிக் கண்டிப் பக்கம் ஏறினாத்தான் அந்த 403 தேவைப்படும். உங்கட ஓட்டத்துக்கு மூண்டும் காணும். அதால இழுவையை விட்டிட்டு, எது எப்பிடிச் சாகும் எண்டு பாருங்கோ.

நவாராச் சத்தம் மேல் ரைமிங் சங்கிலி, வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிறது. வைடி25 இல அது ஒற்றை வரிச் சங்கிலி. நீண்டு, தன்னை வழிநடத்திற கைட்டைத் தேய்ச்சு, கடைசியில அறும். அறுந்தா வால்வு பிஸ்ரனில அடிக்கும். இரட்டை வரிச் சங்கிலி செற் வாங்கலாம்: சங்கிலி, பல்சில்லு, ரென்சனர் (சங்கிலியை இறுக்கி வைக்கிறது), கைட் எல்லாம் ஒண்டாப் போடவேணும். ரென்சனரை மட்டும் மாத்திச் சத்தத்தை அடக்கித் தாற ஆக்களும் இருக்கினம், கவனம். சங்கிலி மாத்தின பில் இல்லாட்டி அந்தச் செலவை விலையில கழியுங்கோ, இல்லாட்டி விடுங்கோ.

நெல்லியடி பம்ப்
டி-மக்ஸ் ஐடிலுக்குப் பயப்பிடாதேங்கோ. அனேகமா டீசல் பம்பில இருக்கிற எஸ்சிவி வால்வு (பம்புக்குள்ள போற டீசலின்ர அளவைக் கட்டுப்படுத்திறது) இறுகிறதுதான். ஆனா அதை வாங்க முதல் இரண்டு விசயம் பாருங்கோ: டீசல் பில்ரர் எப்ப மாத்தினது, லைனில காத்து வருதோ. பில்ரருக்கும் பம்புக்கும் இடையில ஒரு துண்டு கண்ணாடிக் குழாய் (உள்ளுக்குத் தெரியிற பிளாஸ்ரிக் குழாய்) போட்டு ஐடிலில விடுங்கோ. குமிழி ஓடினா பிழை பில்ரர் தலையிலயோ குழாய் மூட்டிலயோ, பம்பில இல்லை. குமிழி இல்லாட்டித்தான் வால்வு. வால்வு புதுசு போட்டா ஸ்கானரால பம்ப் லேர்னிங்கை (பழைய வால்வுக்கு எஞ்சின் கொம்பியூட்டர் பழகி வைச்ச அளவை) ரீசெற் பண்ணவேணும். அதைச் செய்யாமல் விட்டிட்டு "புது வால்வும் சரியில்லை" எண்டு திருப்பிக் கழட்டிறது இஞ்ச வழமை.

டீசல் கை
இனி ஹைலக்ஸ். மூண்டிலயும் வடிவாப் பாக்கவேண்டியது அதுதான், ஏனெண்டா வெளியில பிழை தெரியாது. 1கேடியில டீசல் பீச்சிற ஒவ்வொரு இன்ஜெக்ரருக்கும் கீழ ஒரு செம்பு வொஷர் இருக்கு. அது இறுக்கம் விட்டா எரிஞ்ச வாயு மேல வந்து ஒயிலைக் கரியாக்கும். கரி சம்புக்கு (எஞ்சினுக்குக் கீழ இருக்கிற ஒயில் தட்டுக்கு) இறங்கி ஒயில் உறிஞ்சிற வலையை அடைக்கும். பிறகு மேல ஒயில் போகாது: முதல் ரேபோ, பிறகு பெயாரிங். இரண்டாவது, இன்ஜெக்ரர் கூட டீசல் ஊத்தினா பிஸ்ரன் தலையில வெடிப்பு வரும். விடியக் கடகட எண்டுறது இதில எதுவாயும் இருக்கலாம்.

பாக்கிற விதம்:
எஞ்சின் இரவு முழுக்கக் குளிர்ந்திருக்கவேணும். நீங்கள் போக முதலே சூடாக்கி வைச்சிருந்தா அண்டைக்குத் திரும்பி வாங்கோ. ஸ்ராட் பண்ணின பிறகு ஒயில் லைற் இரண்டு செக்கனுக்கு மேல நிண்டா வலையில சந்தேகம்.
ஸ்கானரைப் போட்டு, சூடான ஐடிலில நாலு இன்ஜெக்ரரின்ர பீட்பாக் பெறுமதியை (ஒவ்வொண்டுக்கும் டீசலைக் கூட்டிக் குறைச்சுத் திருத்திற அளவை) பாருங்கோ. கூட்டல் 3 இற்கும் கழித்தல் 3 இற்கும் உள்ள நிக்கவேணும். ஒண்டு மட்டும் தனியாத் தள்ளி நிண்டா அதுதான் குற்றவாளி.
எஞ்சின் ஓடேக்க ஒயில் மூடியைத் திறந்து வாயில கவிழ்த்து வையுங்கோ. துள்ளி விழுந்தா ரிங்கோ பிஸ்ரனோ போயிருக்கலாம். லேசான ஆவி பரவாயில்லை.
கடைசியா, சம்பின்ர கீழ்த் தட்டைக் கழட்டி வலையைக் கண்ணால பாக்கிறது.

சுன்னாகம் கப்
சம்ப் கழட்ட உரிமையாளர் சம்மதிக்கேல்லை அண்ணை. டாஷில ரி-பெல்ற் (ரைமிங் பெல்ற்) லைற் எரியேல்லை, பெல்ற் மாத்தினது எண்டு சொல்லுறார்.

டீசல் கை
லைற்றை நம்பாதேங்கோ. பெல்ற் மாத்தாமலே அதை ரீசெற் பண்ணலாம். 1கேடிக்குச் சங்கிலி இல்லை, பெல்ற். பில்லைக் கேளுங்கோ, இல்லாட்டிக் கவரைத் திறந்து பெல்ற்றைப் பாருங்கோ. ஒயிலும் பில்ரரும் கஸ்கெற் பசையும் உங்கட செலவு எண்டு சொல்லிப் பாருங்கோ. அதுக்கும் மாட்டன் எண்டா அவருக்கு ஏதோ தெரியும்.
எடுக்கிறதெண்டா முதல் வேலை நாலு வொஷரும் புதுசு, பழசைத் திருப்பிப் போடக்கூடாது. வொஷர் இருக்கிற இடத்தில கரி துளியும் இல்லாமல் துடைச்சிட்டுத்தான் இறக்கவேணும். இன்ஜெக்ரர் மாத்தினா அதின்ர தலையில இருக்கிற கோட் இலக்கத்தை ஈசியூவுக்கு (எஞ்சின் கொம்பியூட்டருக்கு) குடுக்கவேணும்.

பண்ணைக் காத்து
எல்லாரும் எஞ்சினுக்குள்ள நிக்கிறியள். ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாத்ததோ? (குளிர்ந்த பிறகு.) எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு. அதையே ஊத்தி ஓடின வாகனத்தில கழுத்துக்குள்ள வெள்ளைப் படை பிடிச்சிருக்கும். ஐடிலில சூடு ஏறாது, பாரத்தோட ஏ9 இல மத்தியானம் ஓடேக்கதான் ஏறும், ஹெட் கஸ்கெற்றும் அப்பதான் போகும். பரீட்சை ஓட்டம் வெறுமனே சுன்னாகச் சந்தியைச் சுத்தாமல், பாரம் ஏத்திக் கிளிநொச்சி மட்டும் போய் வாங்கோ. கரையோரத்தில நிண்ட வாகனமெண்டா சேஸின்ர உள்பக்கத்தில கறள் இருக்கோ எண்டு சுத்தியலால தட்டிப் பாருங்கோ.

சுன்னாகம் கப்
அப்ப டி-மக்ஸ்தான் எண்டு நினைக்கிறன். கண்ணாடிக் குழாய் போட்டுப் பாத்தம், குமிழி ஓடுது.

நெல்லியடி பம்ப்
நல்லது, மலிவில முடியும். பில்ரர் மாத்தி, கையால அமத்திற பம்பை இறுகும் மட்டும் அமத்துங்கோ. திரும்பவும் குமிழி வந்தா தாங்கிப் பக்கத்து றப்பர் குழாயின்ர கிளிப்பில இருந்து ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு முன்னுக்கு வாங்கோ.