புதுப்பிப்பு: மறுதாம்பை விடலாமா, அழித்து நடலாமா?

ஆத்தூர் பக்கத்து கற்பூரவள்ளி வாழைத் தோட்டத்தில் இரண்டாம் மறுதாம்பு (தார் வெட்டிய மரத்தின் பக்கக்கன்றையே அடுத்த பயிராக வளர்ப்பது) எடுக்கலாமா என்பதுதான் முந்தைய பதிவின் கேள்வி. எடுக்கலாம், ஆனால் கிழங்கைப் பார்த்துவிட்டு.

முதல் மறுதாம்பு பெரும்பாலும் நட்ட பயிருக்குக் குறையாது. தாய் பூத்த சமயம் ஒரே ஒரு ஈட்டிக்கன்றை (குறுகிய இலைக் கன்று) விட்டால், தார் வெட்டி எட்டு ஒன்பது மாதத்தில் அடுத்த தார் வந்துவிடும். அகல இலை நீர்க்கன்று எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் வேண்டாம். தாய்க்கிழங்கோடு அதன் பிடிப்பு பலவீனம். தார் வெட்டியதும் தாய்மரத்தை அடியோடு சாய்க்காமல் இரண்டடி விடுங்கள், சத்து கன்றுக்கு இறங்கும்.

சறுக்குவது இரண்டாம் சுற்றில். கிழங்கு மேலேறி வேர் வெளியே தெரியும், காற்றுக்கு மரம் சாயும். மண் அணைப்பு கட்டாயம். கிழங்கை ஓரமாகச் சீவினால் கருப்புச் சுரங்கம் தெரிகிறதா? அது கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டின் வேலை. ஒன்றரை அடித் தண்டைப் பிளந்து, வெட்டுமுகம் தரையில் படக் கவிழ்த்து வைத்தால் வண்டு அதன் அடியில் சேரும், பொறுக்கி அழிக்கலாம். பாதிக் கிழங்குகள் இப்படியென்றால் அழித்துவிடுவதே லாபம்.

உரம்: மரத்துக்கு தழை, மணி, சாம்பல் சத்து 110:35:330 கிராம். அதாவது யூரியா சுமார் 240, சூப்பர் பாஸ்பேட் 220, பொட்டாஷ் 550. பலர் மறுதாம்புக்குப் பொட்டாஷைக் குறைக்கிறார்கள், காய் சிறுப்பது அதனால்தான்.

ஏற்காட்டில் காப்பிக்கு நடுவே நிற்கும் மலைவாழைக்குக் கணக்கு வேறு. அங்கே பல வருடம் தாம்பு ஓடும். முடிக்கொத்து நோய் (இலைகள் நுனியில் கொத்தாகக் குறுகும் வைரஸ் நோய்) கண்ட குத்தை மட்டும், அதைப் பரப்பும் அசுவினிப் பூச்சிக்கு மருந்தடித்து கிழங்கோடு தோண்டுங்கள்.