வடக்குத்தெரு வீட்டுக் குழு: ஹண்டரை எங்கே நிறுத்துவது?

24 ஏப்ரல் 2025, வியாழன்

நான்: இன்று ராத்திரி எட்டு மணிக்கு அமெரிக்கக் கால்பந்து டிராஃப்ட். டிராவிஸ் ஹண்டர் மூன்றாவது இடம் வரைக்கும் தப்பி வந்துவிட்டால் எங்கள் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அள்ளிக்கொண்டு போய்விடும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறேன்.

போல்டர் தம்பி: தேங்காயைச் சட்னிக்கு வைத்துக்கொள் அண்ணே. முதல் இடம் டென்னசி, கேம் வார்ட் என்ற பையனைத்தான் எடுப்பார்கள். இரண்டாவது கிளீவ்லாந்து. ஹண்டரை அவர்கள் விடமாட்டார்கள்.

ஜாக்சன்வில் சித்தப்பா: எங்கள் ஜாகுவார்ஸுக்கு ஐந்தாவது இடம். போன சீசனில் 17 ஆட்டத்தில் 4 ஜெயித்ததற்குக் கிடைத்த பரிசு. ஹண்டர் எல்லாம் எங்கள் தலையில் எழுதவில்லை. ரசம் வைக்கப் போகிறேன்.

பாளை பெரியப்பா: இங்கே மணி நாலரை. வாக்கிங் கிளம்புமுன் போனைப் பார்த்தால் ஒரே சத்தம். என்ன ஏலம் இது?

நான்: ஏலம் இல்லை பெரியப்பா, வரிசை. கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை அணிகள் ஒவ்வொருவராக எடுக்கும். போன சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு.

பாளை பெரியப்பா: நல்ல ஏற்பாடு. அப்படிப் பார்த்தால் சென்னைக்கு முதல் ஆள் நிச்சயம். இன்று சாயங்காலம் சேப்பாக்கத்தில் ஹைதராபாத்தோடு ஆட்டம், அதையும் என்ன செய்யப்போகிறார்களோ. சரி, யார் அந்த ஹண்டர்?

போல்டர் தம்பி: எங்கள் கொலராடோ பல்கலைக்கழகப் பையன் பெரியப்பா. இந்த ஆட்டத்தில் தாக்குவதற்கு ஒரு பதினொரு பேர், தடுப்பதற்கு வேறு பதினொரு பேர். பந்து கை மாறினால் ஒரு கூட்டம் வெளியே போய் இன்னொரு கூட்டம் உள்ளே வரும். ஹண்டர் மட்டும் வெளியே போகவே மாட்டான். தாக்கும்போது ரிசீவர், ஓடிப்போய் பந்து வாங்குகிறவன். தடுக்கும்போது கார்னர், எதிரணி ரிசீவரை வாங்கவிடாமல் செய்கிறவன்.

பாளை பெரியப்பா: கார்னரா? கபடி மாதிரியா?

போல்டர் தம்பி: கிட்டத்தட்ட அப்படித்தான். போன சீசனில் 96 பந்து வாங்கி 1,258 கெஜம், 15 டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது. அதே சீசனில் தடுப்பாட்டத்தில் எதிரணி வீசிய பந்தை 4 முறை பறித்தான். கல்லூரி ஆட்டத்தில் சிறந்தவனுக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் கோப்பை அவனுக்குத்தான். சிறந்த ரிசீவர் விருது, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது இரண்டும் ஒரே ஆளுக்கு. இதற்கு முன் யாரும் அப்படி வாங்கியதில்லை.

டாலஸ் அக்கா: அப்பா, முதலில் ஸ்வெட்டரைப் போடுங்கள். பனி.

பாளை பெரியப்பா: சித்திரையில் ஏது பனி? சரி, இரண்டும் ஆடுகிறான் என்றால் இரண்டும் ஆடட்டுமே. இதில் என்ன பிரச்சினை?

நான்: கல்லூரியில் ஆடலாம். தொழில்முறையில் முடியாது என்கிறார்கள். சீசனே 17 ஆட்டம். எதிரில் நிற்கிற ஒவ்வொருவனும் அவனவன் கல்லூரியில் முதல் ஆளாக இருந்தவன். அப்புறம் ஆட்டத்தைவிட வாரநாட்கள்தான் பெரிய தொல்லை. ரிசீவர்களுக்கு ஒரு அறையில் வகுப்பு, தடுப்பாளர்களுக்கு இன்னொரு அறையில் வகுப்பு, இரண்டும் ஒரே நேரத்தில். எந்த அறையில் உட்காருவான்?

டாலஸ் அக்கா: உங்கள் அத்தான் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்கிறார்: "1996இல் எங்கள் கௌபாய்ஸில் டியான் சாண்டர்ஸ் செய்து காட்டினார். மைக்கேல் இர்வினுக்கு முதல் ஐந்து ஆட்டம் தடை. அந்த ஓட்டையை அடைக்க, கார்னராக இருந்தவரே ரிசீவராகவும் ஆடினார். 36 பந்து வாங்கினார்."

நான்: அடுத்த வருஷமே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டாரே அக்கா. அத்தானிடம் அதையும் கேளுங்கள்.

டாலஸ் அக்கா: கேட்டேன். காபி குடிக்கப் போய்விட்டார்.

போல்டர் தம்பி: அந்த டியான் சாண்டர்ஸ்தான் ஹண்டருக்குக் கல்லூரிக் கோச். முதலில் ஜாக்சன் ஸ்டேட், அப்புறம் கொலராடோ, அவர் போன இடத்துக்கெல்லாம் இவனும் போனான். ஒரு பக்கம்தான் ஆட வேண்டும் என்று சொன்னால் ஆட்டத்தையே விட்டுவிடுவேன் என்று ஹண்டர் பேட்டியே கொடுத்துவிட்டான்.

பாளை பெரியப்பா: இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன்.

ஜாக்சன்வில் சித்தப்பா: அண்ணே, யாரிடம்? அந்தக் கண்டக்டர் பையனா?

பாளை பெரியப்பா: அவனேதான். வாக்கிங் கிடக்கட்டும், எழுதுகிறேன். இப்போது பஸ் கண்டக்டர், பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. வாத்தியாராக இருந்தபோது அவன் ஒன்பதாம் வகுப்பு. ரெய்டும் போவான், இடது கார்னரும் நிற்பான். கணுக்காலைப் பிடித்தால் உடும்புப் பிடி. மாவட்டப் போட்டி அரையிறுதியில் இரண்டாம் பாதியில் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் போனான், மறுபடியும் இழுத்தது. தோற்றோம். அடுத்த வருஷம் முழுக்கக் கார்னரில் மட்டும் நிறுத்தினேன். ரெய்டுக்கு விடவே இல்லை. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பான், நின்று பேசமாட்டான்.

நான்: ஏன் கார்னர் பெரியப்பா? ரெய்டருக்குத்தானே கைதட்டல்?

பாளை பெரியப்பா: ரெய்டர் எவனையும் பழக்கிவிடலாம். எங்கே போகப்போகிறோம், எப்போது திரும்பப்போகிறோம் என்பது அவனுக்குத் தெரியும். கார்னருக்குத் தெரியாது. அவன் ரெய்டரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும், தாவ வேண்டிய அந்த ஒரு நொடியைப் பிடிக்க வேண்டும். அது பிறவியிலேயே வர வேண்டும். அவசரப்பட்டால் புள்ளி போச்சு.

நான்: நான் சொல்ல வந்ததும் இதேதான்! ரிசீவர் தப்பு செய்தால் பந்து தரையில் விழும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். கார்னர் தப்பு செய்தால் டச்டவுன். அதனால் முழுநேரம் கார்னர், வகுப்பும் அந்த அறையில்தான். ரிசீவராக ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து முறை, அவனுக்கென்றே தயாரித்த வியூகங்களில் மட்டும். முன்னால் போனவர்களைப் பாருங்கள். சார்ல்ஸ் உட்சன் 1997இல் ஹைஸ்மன் வாங்கியவர், மிஷிகனில் இரண்டு பக்கமும் ஆடினார். சாம்ப் பெய்லி ஜார்ஜியாவில் ஆடினார். இரண்டு பேரும் தொழில்முறையில் கார்னராக நின்றுதான் ஹால் ஆஃப் ஃபேம் என்ற சாதனையாளர் பட்டியலுக்குப் போனார்கள்.

ஜாக்சன்வில் சித்தப்பா: ரசம் கொதிக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். அண்ணே, உங்கள் கண்டக்டர் பையன் நின்ற பக்கம் எதிரணி ரெய்டர்கள் எத்தனை முறை வந்தார்கள்?

பாளை பெரியப்பா: முதல் இரண்டு ரெய்டோடு சரி. அப்புறம் எல்லாரும் வலது பக்கம்தான் போனார்கள்.

ஜாக்சன்வில் சித்தப்பா: அவ்வளவுதான் விஷயம். நல்ல கார்னர் பக்கம் பந்தே வராது. பந்தை வீசுகிற குவாட்டர்பேக் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அவ்வளவு பெரிய திறமையைச் சும்மா நிற்க வைக்கவா எடுக்கிறோம்? ரிசீவர் என்றால் நாம் வேண்டும்போதெல்லாம் பத்து முறை கொடுக்கலாம்.

பாளை பெரியப்பா: சும்மா நிற்கவில்லை தம்பி. அவன் நின்றதால் பாதி மைதானம் அடைபட்டது.

டாலஸ் அக்கா: யாரும் காசைப் பேசவில்லையே. போன மாதம் ஜமார் சேஸ் சின்சினாட்டியில் கையெழுத்துப் போட்டது வருஷத்துக்கு நான்கு கோடி டாலருக்கு மேல், ரிசீவர். அதே மாதம் ஹூஸ்டனில் டெரெக் ஸ்டிங்லி மூன்று கோடி, கார்னர். முதல் ஒப்பந்தத்தில் வித்தியாசம் வராது, எத்தனையாவது இடத்தில் எடுத்தார்கள் என்பதை வைத்தே தொகை. இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் இடிக்கும். நான் அவன் அம்மாவாக இருந்தால் ரிசீவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்காரச் சொல்வேன்.

பாளை பெரியப்பா: உன்னை சி.ஏ. படிக்க வைத்தது என் தப்பு.

ஜாக்சன்வில் சித்தி: அத்தான், நான் இப்போதுதான் கிளினிக்கில் இருந்து வந்தேன். எல்லாரும் மூளையையும் காசையும் பேசுகிறீர்கள், காலை யாராவது பார்த்தீர்களா? ரிசீவர் முன்னால் பார்த்து ஓடி, சட்டென்று வெட்டித் திரும்புவான். கார்னர் பின்பக்கமாக ஓடி, இடுப்பைத் திருப்பி, பிறகு துரத்துவான். இரண்டுக்கும் வேறு வேறு தசை, வேறு வேறு தேய்மானம். நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து ஆறுகிற நேரமும் அவனுக்குக் கிடையாது. 2023இல் கொலராடோ ஸ்டேட் ஆட்டத்தில் ஒருவன் இடித்து ஈரலில் கிழிசல், மூன்று ஆட்டம் வெளியே இருந்தான். அதிலிருந்து மீண்டு வந்து போன சீசனை ஆடினானே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

போல்டர் தம்பி: சித்தி... அட, அம்மா! எல்லாருடைய செய்தியையும் சேர்த்துப் படித்துக் குழம்பிவிட்டேன். நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். போன செப்டம்பர், எங்கள் ஃபோல்சம் ஃபீல்ட் மைதானத்தில் பெய்லர் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். கூடுதல் நேரம், நாங்கள் ஏழு புள்ளி முன்னால். பெய்லர்காரன் பந்தோடு கோட்டுக்கு ஒரு கெஜம் தூரத்தில் வந்துவிட்டான். சாயங்காலம் முழுக்க ரிசீவராக ஓடிய அதே ஹண்டர் குறுக்கே பாய்ந்து இடித்தான், பந்து தெறித்து வெளியே போனது. ஆட்டம் முடிந்தது, 38-31. நாங்கள் வேலி தாண்டிக் குதித்து ஓடினோம். என் ஒரு செருப்பு இன்னமும் அங்கேதான் கிடக்கிறது. அவனைப் போய் ஒரு பக்கம் ஆடு என்று எந்த வாயால் சொல்வது?

ஜாக்சன்வில் சித்தி: புதுச் செருப்பு தொலைந்தது என்றாய். வேலி தாண்டியதைச் சொல்லவில்லை.

போல்டர் தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: கடைசியாக உண்மையிலேயே அறுபது நிமிடமும் ஆடியவர் என்று பிலடெல்பியாவின் சக் பெட்னரிக்கைச் சொல்வார்கள். 1960 இறுதி ஆட்டம், ஈகிள்ஸ் 17, கிரீன் பே 13. கடைசி நொடிகளில் கிரீன் பேயின் ஜிம் டெய்லரைக் கோட்டுக்கு முன் மடக்கிப் போட்டு, மணி அடிக்கும்வரை மேலேயே உட்கார்ந்திருந்தார். ஹண்டர் வாங்கிய தடுப்பாட்ட விருது அவர் பெயரில்தான். இன்றைய டிராஃப்ட் நடக்கிற ஊரும் அதே கிரீன் பே.

போல்டர் தம்பி: எட்டு மணி ஆச்சு. கேம் வார்ட், டென்னசி. சொன்னேனா?

போல்டர் தம்பி: ஐயோ இருங்கள் இருங்கள். கிளீவ்லாந்து இடத்தை விற்றுவிட்டது!!

நான்: யாருக்கு???

போல்டர் தம்பி: அப்பா!!!!! ரசத்தை அணைத்துவிட்டு வாருங்கள்!!!

ஜாக்சன்வில் சித்தப்பா: ஜாகுவார்ஸா? எங்கள் ஜாகுவார்ஸா?

போல்டர் தம்பி: ஐந்தாவது இடம், இந்த வருஷ இரண்டாம் சுற்று, நான்காம் சுற்று, அடுத்த வருஷ முதல் சுற்று, எல்லாம் கொடுத்து இரண்டாவது இடத்துக்கு ஏறிவிட்டார்கள். ஹண்டர் ஜாக்சன்வில்!

நான்: ஒரே ஒரு இடம். எனக்கு முன்னால் ஒரே ஒரு இடம். தேங்காய் வீண்.

ஜாக்சன்வில் சித்தி: ரசம் வற்றிவிட்டது. இவர் டி.வி. முன்னால் கரண்டியோடு நிற்கிறார்.

ஜாக்சன்வில் சித்தப்பா: அந்தப் பையனுக்கு மீன் பிடிப்பது என்றால் உயிராம். செயின்ட் ஜான்ஸ் ஆறு ஸ்டேடியத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஆடட்டும்!

பாளை பெரியப்பா: வாழ்த்துகள் தம்பி. விடிந்துவிட்டது, நான் நடக்கப் போகிறேன்.

19 அக்டோபர் 2025, ஞாயிறு

ஜாக்சன்வில் சித்தப்பா: லண்டன் வெம்ப்ளியில் ஹண்டர் 8 பந்து, 101 கெஜம், முதல் டச்டவுன்! ரிசீவர்தான் என்று ஏப்ரலிலேயே சொன்னேன்.

நான்: ஆட்டம் 35-7 தோல்வி என்பதையும் சேர்த்துப் போடுங்கள் சித்தப்பா.

ஜாக்சன்வில் சித்தப்பா: தீபாவளி சமயத்தில் எண்களை எல்லாம் பேசக்கூடாது.

31 அக்டோபர் 2025, வெள்ளி

போல்டர் தம்பி: பயிற்சியில் ஹண்டருக்கு முழங்கால் போய்விட்டது. யாரும் தொடவே இல்லையாம்.

ஜாக்சன்வில் சித்தப்பா: எனக்குப் பேசவே பிடிக்கவில்லை.

நான்: இரண்டு பக்கமும் ஓடவிட்டதன் பலன். கார்னரில் மட்டும் வைத்திருந்தால்...

போல்டர் தம்பி: அண்ணே, ஏழு ஆட்டத்தில் தடுப்பாட்டத்துக்கு அவனைக் கொஞ்சமாகத்தான் இறக்கினார்கள். பெரும்பாலும் ரிசீவர்தான். எதை வைத்துச் சொல்கிறாய்?

ஜாக்சன்வில் சித்தி: இரண்டு பேரும் நிறுத்துங்கள். யாரும் இடிக்காமல் பயிற்சியில் முழங்கால் போவதை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். கோவிலுக்கு மட்டும் நடக்கிறவர்களுக்கும் போகிறது.

11 நவம்பர் 2025, செவ்வாய்

போல்டர் தம்பி: அறுவை சிகிச்சை முடிந்தது. முழங்காலின் வெளிப்பக்க நார். இந்த சீசன் அவ்வளவுதான்.

பாளை பெரியப்பா: பையன் சின்ன வயசு, தேறிவிடுவான். நேற்று தென்காசி பஸ்ஸில் போனேன். கண்டக்டர் யார் என்று பார்த்தால் அவன். டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்தவனைக் கூப்பிட்டு, உன்னை மாதிரியே அமெரிக்காவில் ஒருவன் இருக்கிறான் என்று ஆலங்குளம் வரைக்கும் ஹண்டர் கதையைச் சொன்னேன்.

நான்: நின்று கேட்டாரா?

பாளை பெரியப்பா: கம்பியில் சாய்ந்துகொண்டு முழுக்கக் கேட்டான். "என்னையும் ரெய்டுக்கு விட்டிருக்கலாம் சார்" என்றான். கால் கெட்டுவிடும் என்றுதான் விடவில்லை என்றேன். பேண்ட்டை முழங்கால் வரை தூக்கிக் காட்டினான். பட்டை போட்டிருக்கிறான்.

ஜாக்சன்வில் சித்தி: கார்னரில் முட்டி போட்டு விழுந்து பிடிப்பதால் வந்திருக்கும் அத்தான். எந்தக் கால்?

பாளை பெரியப்பா: இடது. அதற்குள் ஆலங்குளம் வந்துவிட்டது, விசில் ஊதப் போய்விட்டான்.

ஜாக்சன்வில் சித்தி: அவர் நம்பர் வாங்கினீர்களா? வீடியோ காலில் நான்கு பயிற்சி சொல்லித் தருகிறேன்.

பாளை பெரியப்பா: வியாழக்கிழமை அதே பஸ்ஸில் போய் வாங்கி வருகிறேன்.