ஸ்கேன் செய்த கழுத்து டிசைனை 7 இன்ச்சுக்குச் சரியாகப் பிரிண்ட் எடுப்பது எப்படி?

ஆரி_ஊசி:
வணக்கம். வீட்டிலிருந்தே ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் செய்யும் எம்பிராய்டரி) செய்து கொடுக்கிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்த டீச்சர் கையால் வரைந்த பின்கழுத்து டிசைன் ஒன்று ஏ4 தாளில் இருக்கிறது. அகலம் ஐந்தரை இன்ச், இறக்கம் 7 இன்ச். தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டதால் 300 டிபிஐயில் (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். இப்போது ஒரு கல்யாண பிளவுஸுக்கு அதே டிசைன் 7 இன்ச் அகலத்தில் வேண்டும். வேர்டில் படத்தைப் போட்டு, அகலம் 7 என்று கொடுத்துப் பிரிண்ட் எடுத்தேன். அளந்து பார்த்தால் டிசைன் நாலரைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. பெரிதாக்கச் சொன்னால் சிறிதாகி வருகிறதே, ஏன்? டிசைனைத் துணியில் பதிக்க டிரேஸிங் பேப்பரில் துளை போட்ட பிறகு அளவை மாற்ற முடியாது. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

அளவுகோல்:
நீங்கள் சொன்ன அந்த நாலரை இன்ச்சிலேயே பதில் இருக்கிறது. ஏ4 தாளின் அகலம் 8.27 இன்ச். நீங்கள் முழுத் தாளையும் ஸ்கேன் செய்திருக்கிறீர்கள். வேர்டுக்கு டிசைன் எது, ஓரத்து வெள்ளை எது என்று தெரியாது. 7 என்று கொடுத்ததும் 8.27 இன்ச் படம் முழுவதையும் 7 இன்ச்சுக்குச் சுருக்கிவிட்டது. அதற்குள் இருக்கும் ஐந்தரையும் அதே விகிதத்தில் சுருங்கும். 5.5 × 7 ÷ 8.27 போட்டுப் பாருங்கள், 4.65 வரும். நீங்கள் அளந்ததும் ஏறக்குறைய அதுதானே?

வழி இதுதான். படத்தைக் கிளிக் செய்து, கிராப் எடுத்து, டிசைனின் இடது ஓரமும் வலது ஓரமும் சரியாகத் தொடும் வரை வெள்ளையை வெட்டிவிடுங்கள். அதன் பிறகு அகலம் 7 கொடுங்கள். இறக்கம் தானாகவே 8.9 இன்ச் ஆகும். வேர்டில் பக்க ஓரங்கள் வழக்கமாக 1 இன்ச் இருக்கும், நடுவில் 6.27தான் மிஞ்சும். அதனால் இரண்டு பக்க ஓரத்தையும் அரை இன்ச்சாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டிபிஐயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஐந்தரை இன்ச்சை 300இல் ஸ்கேன் செய்தால் 1650 புள்ளிகள். அதையே 7 இன்ச்சில் பரப்பினால் ஒரு இன்ச்சுக்குச் சுமார் 236 புள்ளிகள். கோட்டு வேலைக்கு அது தாராளம்.

ஆரி_ஊசி:
கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது அண்ணா, மிக்க நன்றி! கிராப் செய்து, பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். இந்த முறை ஆறே முக்கால் வந்திருக்கிறது. இந்தக் கால் இன்ச் எங்கே போனது?

நகல்கடை:
கடை நடத்துகிறேன், இது தினமும் வரும் கேள்வி. பிடிஎஃப் பிரிண்ட் செய்யும்போது ‘ஃபிட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். பிரிண்டரால் தாளின் ஓரம் வரை அச்சடிக்க முடியாது என்பதால், அது பக்கம் முழுவதையும் கொஞ்சம் சுருக்கி உள்ளே அடக்கிவிடும். நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு குறைவது இதனால்தான். கடிதம், பில் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். உங்கள் வேலைக்கு அது ஆகாது. கடையில் ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது ‘100 சதவீதம்’ போடச் சொல்லுங்கள். ‘பார்டர்லெஸ்’ வேண்டாம், அது பெரிதாக்கிவிடும்.

பக்கத்தின் ஒரு மூலையில் 5 இன்ச் கோடு ஒன்றை எப்போதும் போட்டு வையுங்கள். தாள் வெளியே வந்ததும் முதலில் அதை அளக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள், பழைய தையல் டேப் இழுபட்டிருக்கும். அப்புறம், வாட்ஸாப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் புள்ளிகள் குறைந்துவிடும், அளவு விவரமும் தங்காது.

ஒரே ஒரு பிளவுஸுக்கு மட்டும் என்றால் கம்ப்யூட்டரே வேண்டாம். அசல் தாளை மெஷினில் வைத்து 127 சதவீதம் போட்டால் 7 இன்ச் வந்துவிடும். வேண்டிய அளவை இருக்கும் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் எந்த அளவுக்கும் சதவீதம் கிடைக்கும்.

கத்தரிப்பூ:
நான் தையல்காரி. ஒன்று கேட்கிறேன் தங்கச்சி: அந்த ஐந்தரை எங்கிருந்து எங்கே வரை? கழுத்து வெட்டும் கோட்டிலா, பார்டரின் வெளி ஓரத்திலா? பிளவுஸில் 7 என்று சொல்வது வெட்டும் கோட்டை. வெளி ஓரத்தை 7 ஆக்கினால் கழுத்து குறுகிப்போகும், துணி வீண்.

ஆரி_ஊசி:
நல்ல வேளை கேட்டீர்கள் அக்கா. ஐந்தரை என்பது வெட்டும் கோடுதான். வெளி ஓரம் வரை அளந்தால் ஏழே கால் இருக்கிறது. அப்படியானால் கிராப் செய்ததில் பார்டரே போய்விட்டது!

அளவுகோல்:
அக்கா கேட்டது மிக முக்கியமான கேள்வி. அப்படியானால் அகலத்தை டைப் செய்யும் வழியை விட்டுவிடுங்கள். கிராப் செய்யாத படத்தில், சைஸ் பகுதியில் இருக்கும் ஸ்கேலில் 127 சதவீதம் கொடுங்கள். ஸ்கேனர் கோப்பில் 300 என்று பதிந்திருப்பதால் வேர்டுக்கு அசல் அளவு தெரியும். ஆனால் வெளி ஓரம் 9.2 இன்ச் ஆகிவிடும், ஏ4இல் அடங்காது. அதனால் நடுக்கோடு வரை கிராப் செய்து பாதியை மட்டும் அச்சடியுங்கள். பாதி 4.6 இன்ச்தான்.

கத்தரிப்பூ:
பாதி போதும். டிரேஸிங் பேப்பரை நடுவில் மடித்து, மடிப்பை நடுக்கோட்டில் வைத்து, இரண்டு அடுக்கையும் சேர்த்துத் துளை போட்டால் இரு பக்கமும் ஒன்றுபோல வரும்.

இறக்கம் 10 கேட்டால் படத்தை நீளவாக்கில் மட்டும் இழுக்காதே. வட்டப் பூ முட்டையாகிவிடும். டீச்சர் வரைந்த பூ அப்படியே இருக்கட்டும், கழுத்துக் கோட்டை மட்டும் இறக்கி வரைந்து, இடைவெளியில் இன்னொரு இலை சேர். 127 சதவீதத்தில் 4 மில்லிமீட்டர் இலை 5 ஆகும். அதை நிரப்ப மணியும் ஜரிகையும் கூடுதலாகப் போகும். கூலி பேசும் முன்பே அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.