பூ விற்கும் அத்தைக்கு க்யூஆர் அட்டை வாங்கணும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் என் அத்தை தெருவோரம் பூ விற்கிறார். கையில் இருப்பது பட்டன் போன்தான். இப்போதெல்லாம் பலர் "ஜீபே இருக்காம்மா?" என்று கேட்கிறார்கள், இல்லை என்றதும் நகர்ந்துவிடுகிறார்கள். மல்லிகையை அன்றைக்கே விற்றாக வேண்டும், நாளைக்கு எடுத்து வைக்க முடியாது.

அத்தை மகனுடைய க்யூஆரை ஒட்டலாம் என்றால் அவன் திருப்பூரில் வேலையில் இருக்கிறான். பணம் வந்ததா என்று ஒவ்வொரு முழத்துக்கும் அவனுக்குப் போன் போட முடியுமா? தவிர, அத்தை சம்பாதிக்கும் காசு அத்தை கணக்கில்தான் விழ வேண்டும். அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பட்டன் போனுக்கென்றே ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யூபிஐ 123பே என்ற பணம் அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. அதைத் தெருக்கடையில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? இல்லை, ஸ்மார்ட்போன் இல்லாமலே க்யூஆரும், தமிழில் பேசும் சவுண்ட் பாக்ஸும் வாங்க முடிந்ததா? மாத வாடகை எவ்வளவு பிடிக்கிறார்கள்? அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதனால் வந்த தொகையைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி கட்டாயம் வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. விடியற்காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூ எடுக்க அவருக்கு ரொக்கம் வேண்டும். சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் 5 தடவைதான் இலவசம். தினமும் கொள்முதல் செய்பவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வங்கி முகவரிடம் கைரேகை வைத்து எடுப்பது சரிப்படுமா?